எழுபத்திரண்டு கண்ணி

அக்காவுக்கு அளவு என்றால் உயிர். கடைசல் இயந்திரத்தின் முன்னால் முப்பத்தோரு வருஷம் நின்றவள். இரும்புத் தண்டைக் கடைந்து முடித்து, அளந்து பார்த்து, முடியில் பாதி கனம் குறைந்திருந்தாலும் தூக்கி மூலையில் போட்டுவிட்டுப் புதுத் தண்டை எடுக்கிற ரகம். பட்டறையில் அவளுக்கு 'மைக்ரான்' என்று பட்டப்பெயர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "பாத்தது எதுவும் அளவுல வரலை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அளவுக்காரர்களோடு பேச்சுக் கொடுப்பதே கஷ்டம், குடித்தனம் நடத்துவது எப்படி?

தம்பி அதற்கு நேர் எதிர். பஸ் ஓட்டுகிறவன். 'சுமாரா', 'கிட்டத்தட்ட', 'பாத்துக்கலாம்' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே ஐம்பத்திரண்டு வயதுவரை வந்துவிட்டான். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் புதிதாகப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்துக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

அந்தத் தம்பிக்குத்தான் இதயம் சோர்ந்துபோனது. படியேறினால் மூச்சு வாங்கியது. கால்கள் இரண்டிலும் நீர் கோத்துக்கொண்டு செருப்புக்குள் அடங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்து, நீரை இறக்கி, நீர் பிரிய மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். வீங்கியிருந்த கால் வடிந்து குச்சியாகிவிட்டது. ஆனாலும் அதில் சூடு இல்லை. குளிர்காலம் வேறு. கடையில் வாங்கிய சாக்ஸைப் போட்டால் அதன் மேல் விளிம்பிலிருந்த எலாஸ்டிக் கணுக்காலுக்கு மேலே சதையைச் சுற்றிப் பள்ளம் போட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிவிட்டுச் சொன்னாள்.

"இந்தக் காலுக்கு எலாஸ்டிக்கே ஆகாது. கையால பின்னினது கிடைச்சா நல்லது. மெத்துனு இருக்கும், இறுக்காது."

தம்பியின் மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். தம்பி மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படியில் வேலை செய்கிறவள். விடியுமுன்னே போய்ப் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிற உடம்பு. ஊசி பிடிக்க அவளுக்கு ஏது நேரம்?

"நான் பின்னறேன்" என்றாள் அக்கா.

"உனக்குப் பின்னத் தெரியுமா?" என்றான் தம்பி.

"தெரியாது. கத்துக்கறேன். காலை நீட்டு."

"செருப்புக் கடை வெக்கப் போறியா?"

"நீட்டுடா."

பட்டறைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலும் ஒரு நூலும் வந்தன. காலைச் சுற்றி நூலைப் போட்டு, சேர்கிற இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, நூலை ஸ்கேல்மேல் நீட்டிப் படித்தாள். மூன்று இடத்தில் அளந்தாள். ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவை அளந்தாள். "வலது இருநூத்தி இருபது. இடது இருநூத்திப் பதினெட்டு."

"அந்த ரெண்டு மில்லி பிரேக் மிதிச்சது" என்றான் தம்பி.

நூல்கடையில் இருந்த அம்மாள் சாம்பல் நிறக் கம்பளி நூலில் இரண்டு கண்டும், இரண்டு பக்கமும் கூரான ஐந்து ஊசிகளும், ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தாள். ஊசியில் நூலை எப்படி வளையமாக ஏற்றுவது என்று நின்ற வாக்கிலேயே காட்டினாள். அந்த ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்த்துவிட்டு, காலுக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து இன்னொருத்தி நூல் கேட்டு வந்துவிட்டாள். 'காலுக்குத் தகுந்தபடி' என்றால் என்ன என்று அம்மாள் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அளவு விஷயத்தில் அடுத்தவரிடம் கேட்பதா என்கிற திமிர்தான், வேறென்ன?

துண்டு பின்னி அளந்தாள். சென்டிமீட்டருக்கு மூன்று கண்ணி. கால் சுற்றளவு இருபத்திரண்டு. இந்த இடத்தில்தான் முப்பத்தோரு வருஷத்து அனுபவம் அவளைக் கவிழ்த்தது. ஒன்றுக்குள் ஒன்று போய் அசைய வேண்டுமென்றால் நடுவில் இடம் விட வேண்டும். தண்டுக்கும் அது சுழலும் துளைக்கும் நடுவில் விட்டால்தானே எண்ணெய் ஓடும்? கால் என்பது தண்டு, சாக்ஸ் என்பது துளை. ஆகவே இரண்டு சென்டிமீட்டர் இடம். இருபத்துநான்கு. எழுபத்திரண்டு கண்ணி. தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

வேலை சுலபமாக வரவில்லை. முதல் வாரம் முழுக்க ஊசியைக் குரங்குப்பிடியாகப் பிடித்து விரல்கள் வலித்தன. எண்ணிப் பார்த்தால் எழுபத்திரண்டு எழுபதாகியிருக்கும். நழுவிய கண்ணி ஏணியாகக் கீழே ஓடியிருக்கும். அப்போதெல்லாம் முழுவதையும் உருவிவிட்டு மறுபடி ஏற்றினாள். இரும்பில் ஒரு தரம் கூடுதலாகச் சீவிவிட்டால் முடிந்தது, அது திரும்ப வளராது. இங்கே எத்தனை தப்பு செய்தாலும் இழுத்தால் நூல் நூலாகத் திரும்பிவந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"தப்பையெல்லாம் அழிச்சிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்னா அப்புறம் யாரு ஒழுங்கா செய்வாங்க?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"என்னை மாதிரி ஆளுங்களுக்காகக் கண்டுபிடிச்ச வேலை அது" என்றான் அவன்.

குதிகாலில் வந்து மாட்டிக்கொண்டாள். வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்பு, அடுத்த வரிசையிலும் பாதியிலேயே திரும்பு என்று தாளில் போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று முடிவுகட்டி மூன்று தடவை வரிசையைக் கடைசிவரை பின்னினாள். மூன்று தடவையும் குழாய் குழாயாகவே வந்தது. நாலாவது தடவை, போனால் போகிறதென்று தாள் சொன்னபடி பாதியில் திரும்பித் திரும்பிப் பின்னினாள். ஒரு குழிவு தானாக எழுந்து, குதிகால் உட்காரக் கிண்ணம் மாதிரி இடம் கொடுத்தது. அன்றைக்குப் பட்டறையில் சாப்பாட்டு இடைவேளை முழுவதும் அவள் அதையே விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த வெல்டர் ஏதோ கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

ஐந்து வாரத்தில் ஒரு சாக்ஸ் முடிந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள். தம்பி மாட்டிக்கொண்டு எழுந்து மூன்றடி நடந்தான். கால் வந்தது, சாக்ஸ் வரவில்லை.

"அக்கா, இதுக்குள்ள நானும் இவளும் குடித்தனமே நடத்தலாம் போலிருக்கே."

தம்பியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அளவு தவறிய ஒரு வேலை அவள் கையிலிருந்து பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. மறுநாள் சாக்ஸைக் கொண்டுபோய் நூல்கடை அம்மாளிடம் காட்டினாள். அம்மாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"கம்பளி இழுத்துக் கொடுக்கும்மா. காலைவிட பத்துல ஒரு பங்கு சின்னதா பின்னணும். அப்பத்தான் கட்டிப் பிடிக்கும். இடம் விட்டா கழண்டுதான் போகும்."

இருபத்திரண்டுக்கு இருபது. அறுபது கண்ணி.

பெரியதைப் பிரித்துவிட நினைத்தாள். தம்பி விடவில்லை. பிடுங்கி இடது காலில் மாட்டி, மேல் விளிம்பை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டான். "நீ முதல்ல செஞ்ச சாக்ஸ். இத பிரிச்சே, உன்கூட பேச மாட்டேன். வலது காலுக்கு ஒழுங்கா ஒண்ணு செஞ்சு குடு. அப்புறம் இதுக்கு ஜோடி பாக்கலாம்" என்றான். அக்கா முணுமுணுத்துக்கொண்டே அறுபது கண்ணி ஏற்றினாள்.

இதற்கு நடுவில் அந்த வீட்டில் ஒரு நல்ல சேதி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் மாத்திரை அவனைப் பாடாய்ப் படுத்தியது. நீர் பிரிய வைப்பதுதான் மாத்திரையின் வேலை, அது பகலென்றும் இரவென்றும் பார்க்கவில்லை. தனியாக எழுந்தால் தலை சுற்றியது. ஒவ்வொரு தடவையும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. அவள் அப்படியே எழுந்து வேலைக்குப் போனாள். ஒருநாள் அடுப்பின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து முன்கையைச் சுட்டுக்கொண்டாள். அதன் பிறகு கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிட்டது.

"இப்ப எழுப்பறதே இல்ல அண்ணி. படுத்தா காலையிலதான். மாத்திரை நல்லா கேக்குது" என்று தம்பியின் மனைவி சொன்னாள். கையில் கட்டு இருந்தது, முகத்தில் களை திரும்பியிருந்தது. அக்காவுக்கும் நிம்மதியாக இருந்தது. ஊசி வேகமாக ஓடியது.

இரண்டாவது சாக்ஸ் மூன்றே வாரத்தில் முடிந்துவிட்டது. ஒரு பிற்பகலில் கொண்டுபோனாள். தம்பி மட்டும் வீட்டில் இருந்தான், நாற்காலியில், முழங்காலுக்குக் கீழே போர்வையைப் போர்த்திக்கொண்டு. அவள் தரையில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். வலது காலில் சாக்ஸை ஏற்றினாள். விரல்கள் நுழைந்தன. புறங்காலில் வந்து நின்றுவிட்டது. இழுத்தாள். குதிகாலுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த கிண்ணம் உள்ளங்காலோடு நின்றது, அதற்கு மேல் வரவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, தன்மேலேயே. மறுபடியும் தவறா? கண்ணிகளை எண்ணினாள். அறுபது. அப்புறம்தான் இடது காலைப் பார்த்தாள். கழன்று கழன்று விழுந்த அந்தப் பெரிய சாக்ஸ், மடிப்பெல்லாம் பிரிந்து, காலோடு காலாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. வலது கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

"மாத்திரை போடறியா?"

"போடறேன்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்தான்."

அவள் பையிலிருந்து நூலை எடுத்தாள். காலைச் சுற்றினாள், புள்ளி வைத்தாள், ஸ்கேலில் படித்தாள். "இருநூத்தி அறுபத்தி ரெண்டு. இது பொய் சொல்லாது. இப்ப நீ சொல்லு."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவ கைய பாத்தியா? நின்னுக்கிட்டே தூங்கியிருக்கா அக்கா. நான் ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு மனுஷிய ஆறு தடவ எழுப்பறேன். அன்னைக்குக் கை. நாளைக்கு மூஞ்சியா இருந்தா? நிறுத்திட்டேன். மாத்திரைய கழுவற தொட்டியில போட்டுத் தண்ணிய விட்டுடறேன். அவ தூங்கறா. பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டிருப்பேன். வாயைத் திறந்துக்கிட்டு, சின்னப் பொண்ணு மாதிரி தூங்கறா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும், சுமாரா."

"சுமாராவா?"

"இருபத்தி நாலு நாள்."

அவன்மேல் அக்காவுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, அந்த ஆத்திரத்தின் அடியிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அவகிட்ட சொல்லாத" என்றான்.

சின்ன வயதில் அவன் உடைத்த ஜன்னலை, தோற்ற பரீட்சையை, ஒளிந்து பிடித்த சிகரெட்டை எல்லாம் வீட்டில் சொல்லாமல் மறைத்தவள் அவள்தான். பிடிபட்டபோது அவனுக்காக அடியும் வாங்கியவள்.

"சொல்லத்தான் போறேன்" என்றாள்.

தம்பியின் மனைவி வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள். புருவத்தில் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அக்கா சொல்லி முடித்ததும் அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என் தூக்கத்துக்காகவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் தூங்கணும்னு உங்ககிட்ட கேட்டேனா? நீங்க எழுப்புவீங்கன்னுதான் நான் தூங்கினதே. நல்லாயிட்டீங்கன்னு நெனச்சு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. வேலை செய்யற இடத்துல கூட சொன்னேன்." குரல் உயரவில்லை. கைப்பையை வைத்துவிட்டு வந்து, அவன் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள்.

அன்றே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை ஒன்பது நாள். நீர் மறுபடி இறங்கியது. வந்தபிறகு வீட்டில் புதுச் சட்டம் வந்தது. ராத்திரி முறை மாற்றி முறை: ஒருநாள் மனைவி, ஒருநாள் அக்கா. தம்பி மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். தினம் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பார்த்தார்கள். ஆனால் அக்காவுக்கு எடையில் முழு நம்பிக்கை வரவில்லை. பட்டறையில் துளை சரியா என்று சோதிக்க ஒரு கேஜ் வைத்திருப்பார்கள். ஸ்கேலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். அது உள்ளே போனால் துளை சரி, போகாவிட்டால் சரியில்லை, அவ்வளவுதான். அறுபது கண்ணி சாக்ஸ் அப்படி ஒரு கேஜ் ஆயிற்று. தினம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தம்பியின் மனைவி அதை அவன் வலது காலில் ஏற்றிப் பார்ப்பாள். குதிகால் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்தால், அக்கா தன் வீட்டில் இருக்கிற நாளாக இருந்தால், போன் வரும்.

"ஏறிடுச்சு அண்ணி."

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகுதான் அக்காவுக்குக் காலையில் தேநீர் தொண்டையில் இறங்கும். பெரியது இடது காலில் பழையபடி மடித்துவிடப்பட்டுத் தொளதொளவென்று கிடந்தது. "ஒரு காலுக்குச் சாக்ஸ், ஒரு காலுக்குக் கோணிப்பை" என்று வருகிறவர்களிடமெல்லாம் தம்பி காட்டினான். சின்னதற்கு ஜோடியாக அக்கா இன்னொரு அறுபது ஏற்றியிருந்தாள். பட்டறையில் வேலை நெருக்கடி, விழித்திருந்த ராத்திரிகள் வேறு, அதனால் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஐந்து வாரத்தில் குதிகால்வரை வந்திருந்தாள்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தது. எடுத்ததும் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"ஏறலை அண்ணி" என்றாள் தம்பியின் மனைவி.

இந்தத் தடவை அவன்மேல் குற்றம் இல்லை. மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. முந்தின நாள் மாலை அக்காவே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நாலாவது நாள் காலை டாக்டர் அக்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு டாக்டர், கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"இதயத்துல இனிமே பலம் இல்லம்மா. மருந்துக்கு உடம்பு கேக்கலை. தண்ணி இறங்காது. மூச்சு முட்டாம, வலி இல்லாம பாத்துக்கறோம்."

"எவ்வளவு நாள்?"

"சரியா சொல்ல முடியாது. சுமாரா ஒரு வாரம்."

அக்கா தலையை ஆட்டினாள். சுமாரா என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்கவில்லை.

உள்ளே வந்தாள். தம்பி கண்ணை மூடியிருந்தான். மூக்கில் குழாய். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது பாதம் பளபளவென்று, தோல் இழுத்துப் பிடித்து, வெறுமனே கிடந்தது. தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. இடது காலில் அந்தப் பெரியது மட்டும் பொருத்தமாக இருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பையைத் திறந்து, குதிகால்வரை வந்திருந்த அறுபது கண்ணி வேலையை எடுத்தாள். ஒரு தவறு இல்லாத வேலை. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள், நூலைப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாகக் கழன்றது. ஐந்து வாரத்து வேலை கால் மணி நேரத்தில் சுருட்டை சுருட்டையாக மடியில் குவிந்தது. குவிந்த நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு முதல் ஊசியில் புதிதாகக் கண்ணி ஏற்ற ஆரம்பித்தாள். எண்ணினாள். அறுபதைத் தாண்டும்போது கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு அறுபத்தொன்று என்று தொடர்ந்தாள்.

மத்தியானம் தம்பி விழித்தான். உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினாள். அவன் ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுசா போட்டியா?"

"ஆமா."

"எத்தனை?"

அறுபது என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அளவு கேட்டவனிடம் அவள் இதுவரை மாற்றிச் சொன்னதில்லை, அதுவும் இவனிடம்.

"எழுபத்திரெண்டு."

அவனுக்குப் புரிந்தது. இத்தனை நாள் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியாமல் போகாது. கூரையில் ஓடிய குழாய்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான்.

"அவ கேட்டா அறுபதுன்னு சொல்லு."

"டேய்."

"இன்னைக்கு மட்டும் அக்கா. நாளைக்கு டாக்டர் சொல்லிக்கட்டும். இன்னைக்கு வேலையில நின்னு நின்னு ஓஞ்சு வருவா."

அவள் குனிந்து அடுத்த கண்ணியைப் பின்னினாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். பொல்லாத தம்பி, எப்போதுமே அப்படித்தான்.

மூன்று மணிக்கு மேல் தம்பியின் மனைவி வந்தாள். முன்கையில் தீக்காயத் தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. கணவனின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்து, வந்துட்டியா என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில், அந்த வெறும் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு பறக்கத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே அக்காவின் கையைப் பார்த்தாள். நாலு விரல் உயரத்துக்கு வட்டம் எழுந்திருந்தது.

"அந்தப் பழையது என்னாச்சு அண்ணி? குதிகால் வரைக்கும் வந்திருந்ததே."

"கண்ணி நழுவிடுச்சு. பிரிச்சிட்டேன்."

"குடுங்க பாக்கலாம்."

ஊசிகளோடு சேர்த்துப் பதனமாக வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னத் தெரியாது, ஊசியிலிருக்கிற கண்ணியை எண்ணவும் தெரியாது. ஆனால் ஐந்து வாரம் விடாமல், தினம் காலையில், இதே நூலில் அறுபது கண்ணியை விரலால் விரித்து அவன் காலில் ஏற்றியவள் அவள்தான். வட்டத்துக்குள் விரல்களை விட்டு, வழக்கமாக விரிப்பதுபோல விரித்தாள். விரல்கள் இடிக்காமல் தாராளமாக விரிந்தன. அப்படியே வைத்திருந்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

"எத்தனை அண்ணி இது?"

கட்டிலில் தம்பி கண்ணை மூடியபடிதான் இருந்தான். ஆனால் தூங்கவில்லை என்பது மூவருக்குமே தெரியும்.

"அறுபது" என்றாள் அக்கா.

தம்பியின் மனைவி விரல்களை மெல்ல வெளியே எடுத்தாள். எந்தக் கண்ணியும் நழுவாமல் ஊசிகளை நேராக்கி, அதை அக்காவின் மடியில் திருப்பி வைத்தாள்.

"ஆமா, அறுபதுதான்" என்றாள், கட்டில் பக்கம் கேட்கும்படியாக. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அந்தப் பாதத்தைக் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் முடிங்க அண்ணி. கால் சில்லுன்னு இருக்கு."